கொழுகொம்பு கேட்காத கொடி

தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு முல்லையை வெறும் செடியாகப் பார்ப்பது சிரமம். முல்லை என்றால் காடு, மாலைப்பொழுது, கார்காலம், இருத்தல். போனவன் திரும்பும்வரை ஆற்றியிருப்பவளின் பூ. கற்புக்கும் அதுதான் அடையாளம். வகுப்பில் இதை வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறேன். பாரி தேரை விட்டுவிட்டு நடந்த கதையையும் சொல்வேன். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள், "அந்தக் கொடி தேர் கேட்டுச்சா மேடம்?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி அது.

எங்கள் வீட்டு முல்லைக்குக் கொம்பே கிடையாது. பூ விவசாயம் செய்கிறவர்களும் பெரும்பாலும் அதற்குப் பந்தல் போடுவதில்லை. வருடத்துக்கு ஒருதரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். புதராகத் தன் காலிலேயே நிற்கிறது. பெண் கொடி, கணவன் கொழுகொம்பு என்று உருகி எழுதிய புலவர்களில் எத்தனை பேர் பூக்கொல்லையில் ஒரு விடியற்காலை குனிந்து மொட்டு பறித்திருப்பார்கள்?

வீட்டுக்குச் செடி வாங்கும்போது பெயரை நம்பாமல் இலையைப் பாருங்கள். குண்டுமல்லிக்கு ஒற்றை இலை. பிச்சி என்கிற ஜாதிமல்லிக்கு ஒரு காம்பில் பல சிற்றிலைகள். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். முல்லையில் பெரிய இலையின் அடியில் காதுமடல் போல இரண்டு குட்டி இலைகள் இருக்கும். மூன்றுக்கும் முழு வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. மர நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும்.

இந்த முல்லையை நட்டது அம்மா. அப்பா இறந்த மறுவருடம், சுவரோரம் குழி எடுத்து, மக்கிய சாணம் போட்டு, ஒரு குச்சியை ஊன்றினார். வந்திருந்த அத்தை, "பூ வைக்காத வீட்டுக்கு எதுக்கு அண்ணி பூச்செடி?" என்றார். நானும் விவாகரத்தாகி அந்த வீட்டில்தான் இருந்தேன். அந்தக் கேள்வியில் எனக்கும் பங்கு இருந்தது. அம்மா பதில் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

கவாத்தும் அம்மாதான். குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில் வெட்ட வேண்டும், பிச்சியை மார்கழியில், முல்லையைப் பொங்கல் கழிந்து பத்து நாளில். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார். காய்ந்தது, நோய் கண்டது, ஒன்றையொன்று உரசுவது முதலில் போகும். பிறகு மிச்சத்தைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கொண்டுவருவார். இலைகளையும் உருவிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு தையிலும் "பச்சை மரத்தை இப்படியா?" என்பார். ஆனால் முல்லை பூப்பது புதுத் துளிரில்தான். போன வருடக் கிளையை அப்படியே விட்டால் நீண்டுகொண்டே போகும், பூ குறையும். வெட்டிய கையோடு எருவும் தண்ணீரும் கொடுத்தால் மாசியில் துளிர் திமிறும், பங்குனியில் மொட்டு.

நான் தினமும் வைத்துக்கொள்கிறேன், கல்லூரிக்கும். முதல் வாரம் ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்றது, அப்புறம் பழகிவிட்டார்கள்.

அம்மா வைப்பதில்லை. இதில் நாங்கள் பலமுறை சண்டை போட்டிருக்கிறோம். "உனக்கு வேணும், வச்சுக்கிற. எனக்கு வேணாம், விடு" என்பார். அது அவர் விருப்பமா, ஊர் நாற்பது வருடம் ஓதி ஓதி விருப்பமாக்கியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் ஒரு கைப்பிடி மொட்டை எவர்சில்வர் தட்டில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார். ராத்திரி அது விரியும்போது அறை முழுக்க மணக்கிறது.

கவாத்தில் விழும் முற்றிய குச்சிகளை அம்மா எறிவதில்லை. ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மணலில் ஊன்றி, நிழலில் வைக்கிறார். தண்ணீர் தெளித்துவந்தால் பல குச்சிகள் வேர் விடும். இந்தத் தையில் பதினொன்று வைத்திருக்கிறார். ஒன்று அந்தக் கடைசி பெஞ்சுக்காரிக்கு.