சுண்ணக்கட்டி எழுதிய தீர்ப்பு

வீரம் என்றதும் வாளையும் வேலையும் எண்ணும் தோழர்களே, ஐந்தரை வயதுச் சிறுமி ஒருத்தியைக் காண வாருங்கள்! மாடில்டா அவள் பெயர். பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்டு டால் 1988-இல் படைத்த பாத்திரம்.

தந்தை பழைய கார் வணிகர். ஓடிய மைல் கணக்கைப் பின்னோக்கிச் சுழற்றி ஊரை ஏய்ப்பவர். தாய்க்கோ பிங்கோ ஆட்டமே உலகம். புத்தகம் கேட்ட மகளுக்கு அவர்கள் காட்டியது தொலைக்காட்சிப் பெட்டி! அவள் அழுதாளா? இல்லை. நான்கு வயதில் தனியே நடந்தாள், ஊர் நூலகத்துக்கு. நூலகர் ஃபெல்ப்ஸ் அம்மையார் டிக்கன்சை எடுத்துத் தந்தார். அறிவு வளர்ந்தது, அச்சம் தளர்ந்தது.

பள்ளியிலே தலைமையாசிரியை டிரஞ்ச்புல். சிறுமியைச் சடையைப் பிடித்துச் சுழற்றி எறிபவள். பெற்றோர் ஏன் தட்டிக் கேட்கவில்லை? மாடில்டா கண்டறிந்து சொல்கிறாள்: நம்ப முடியாத அளவுக்குக் கொடுமையைப் பெரிதாக்கிவிட்டால், முறையிடும் பிள்ளையை எவரும் நம்பமாட்டார்!

அந்தக் கொடுங்கோலை அவள் சாய்த்தது எப்படி? கண்பார்வையாலேயே சுண்ணக்கட்டியை நகர்த்தினாள். இறந்துபோனவர் எழுதுவதுபோல் கரும்பலகையில் எழுத்துகள் தோன்றின. டிரஞ்ச்புல் மயங்கி விழுந்தாள்.

இக்கதையை என் வகுப்பில் சொன்னேன். மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"கண்ணால் பார்த்தே கட்டியை நகர்த்த முடியுமா, ஐயா?"

"முடியாதம்மா. அது கற்பனை."

"அப்படியானால் நாங்கள் என்ன செய்வது, ஐயா?"

வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. "நாளை சொல்கிறேன்" என்றேன். அன்றிரவு நூலை மீண்டும் புரட்டினேன். விடை அங்கேயே இருந்தது.

பிள்ளைகளை நடுங்கவைத்தவள் பேய்க்கு நடுங்கினாள். மூடநம்பிக்கையன்றோ அவளை வீழ்த்தியது! மாடில்டாவோ ஆசிரியை ஹனியின் துயரக் கதையை முதலில் பொறுமையுடன் கேட்டாள். குடும்பத்தில் யார் யாரை எப்பெயரால் அழைத்தனர் என்று விசாரித்தாள். வீட்டில் ஒரு சுருட்டை வைத்துப் பயிற்சி செய்தாள். கேட்டாள், எண்ணினாள், பழகினாள். அதன் பிறகே செயலில் இறங்கினாள். அற்புதத்தைக் கழித்தாலும் இந்த நான்கும் மிஞ்சும். மேல்வகுப்பில் மூளைக்கு ஏற்ற வேலை கிடைத்ததும் அந்த அற்புத ஆற்றல் அகன்றது. அவள் வருந்தவில்லை, மகிழ்ந்தாள்!

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி 1987-இல் ஒழிந்தது. நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடலை வருத்துவதையும் உள்ளத்தை வதைப்பதையும் விலக்கியது. ஆனால், பிள்ளையின் சொல்லை நம்ப ஒருவர் இல்லாவிட்டால் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தானே?

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "கொடுமை நடந்தால் எழுதுங்கள். எந்நாள், எவ்விடம், யார் கண்டார்கள் என்று எழுதுங்கள். என்னிடம் தாருங்கள். நான் நம்புவேன், உங்களோடு வந்து நிற்பேன்."

கண்ணுக்கு நகராத சுண்ணக்கட்டி கைக்கு நகரும், தோழர்களே! அந்தக் கைகளுக்கு எழுத்தைக் கொடுப்போம், எழுதியதை நம்புவோம்!