சும்மா நடக்கிறது

யாழ்ப்பாணத்தில் ஒரு பெட்டை சும்மா நடந்தால் றோட்டே விசாரிக்கும். "ஏன் பிள்ளை, சைக்கிள் காத்துப் போட்டுதோ?" திருநெல்வேலிச் சந்தி தாண்ட முதலே இரண்டு பேர் கேட்டாச்சு. பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை.

பத்தாயிரம் அடி எண்டது 1965இல் ஜப்பானில் விற்ற, அடி எண்ணுற கருவியொன்றின் பெயரில் இருந்து வந்த கணக்கு. உலக சுகாதார நிறுவனம் கேட்கிறது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிசம். அதையும் நான் பத்துப் பத்தாய்த்தான் உடைச்சன். கதைக்க ஏலும், பாட ஏலாது. அந்த வேகம் காணும்.

பண்ணையில் பின்னேரம் நடந்தால் ஒருத்தரும் கேட்கமாட்டினம். நடக்கவெண்டே சனம் வாற இடம். ஆனால் அங்கை போகவே சைக்கிள் வேணும்! அதனால் காலமை ஆறு மணிக்கு எங்கட ஒழுங்கைக்குள்ளதான். மூன்றாம் கிழமை கடைசி வீட்டு அன்ரியும் சேர்ந்திட்டா. அவவுக்குச் சீனி வருத்தம். பாட்டாச் செருப்போட என்னை முந்திப் போறா.