பள்ளிப் படிப்பு முடிந்தபின்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பெரும்பாலும் மார்ச்சுத் திங்களில் நடைபெறும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னே தனியார் பள்ளிகள் பலவற்றில் பிரிவுபசார விழா நிகழும். மேடையில் ஆசிரியர்கள் அமர்ந்திருப்பர். சில பள்ளிகளில் பெற்றோரும் வந்து அமர்ந்திருப்பர். படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, இனித் தாம் என்ன ஆகப்போகிறோம் என்பதை ஓரிரு தொடர்களில் கூறுவர். மருத்துவர் ஆவேன் என்பார் ஒருவர். பொறியாளர் ஆவேன் என்பார் மற்றொருவர். தணிக்கையாளர், வழக்கறிஞர், மாவட்ட ஆட்சியர் என்று விடைகள் தொடரும். ஒவ்வொரு விடைக்கும் கையொலி உண்டு. மருத்துவர் என்னும் சொல்லுக்குக் கையொலி சற்று மிகுதி.

அவ்விடைகளைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். அவற்றுள் பல தொழில்களின் பெயர்கள். இன்னும் திட்டங்கள் ஆகவில்லை. ஊரின் பெயரைச் சொல்லுதல் எளிது. அவ்வூருக்கு எவ்வழிச் செல்வது, எத்தனை நாள் ஆகும், கைப்பொருள் எவ்வளவு வேண்டும், இடையே ஆறு பெருகி வந்தால் எங்கே தங்குவது என்பனவற்றை எண்ணிப் பார்த்தவர் மேடையில் ஒரு சிலரே இருப்பர். பதினேழு அகவையினரிடம் அத்தனையும் எதிர்பார்த்தல் தகுமோ என்று கேட்கலாம். ஆனால் அவர்கள் கையொப்பமிடப்போகும் விண்ணப்பங்கள் அவர்களுடைய அகவையைப் பார்த்து இரங்குவதில்லை.

உண்மையில் வழி பிரியும் இடம் அந்த மேடைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே வந்துவிடுகிறது. பதினோராம் வகுப்பில் சேரும்பொழுதே பாடப்பிரிவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். உயிரியலை விட்டவர் மருத்துவக் கல்லூரியை நாடுதல் அரிது. கணக்கை விட்டவர்க்குப் பொறியியல் பெரும்பாலும் எட்டாது. இத்துணைப் பெரிய முடிவைக் கணக்கின்மேல் உள்ள அச்சத்தாலும், நெருங்கிய தோழன் சேர்ந்த பிரிவு என்னும் காரணத்தாலும் எடுத்தவர் பலர். தனியார் பள்ளிகள் சிலவற்றில் இதனோடு வேறொரு குறையும் சேர்ந்தது. பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டும் கற்பித்தனர். பொதுத்தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது, அடிப்படை தளர்ந்தது. அனைத்திந்திய நுழைவுத் தேர்வுகளை எழுதப் புகுந்தபோதும், கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் அமர்ந்தபோதும் அம்மாணவர் இடர்ப்பட்டனர். அக்குறையைப் போக்கும் பொருட்டே 2018 முதல் சில ஆண்டுகள் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தப்பெற்றது.

வழியறிந்து நடந்தவர் ஒருவரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டில் பிறந்த அப்துல் கலாம், இராமநாதபுரத்தில் கிறித்தவ சமயத்தார் நடத்திய சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்றார். பட்டப் படிப்பின் இறுதியாண்டில்தான், தாம் செல்லவேண்டிய துறை பொறியியல் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. காலம் கடந்த தெளிவே. எனினும் அவர் அதனைப் புறந்தள்ளவில்லை. சென்னையில் எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1000 ரூபாய் வேண்டியிருந்தது. அந்நாளில் அக்குடும்பத்துக்கு அது பெருந்தொகை. தமக்கையார் ஜோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அந்த நகைகளைத் தம் பொருளைக் கொண்டே மீட்பது என்று இளைஞர் உறுதி பூண்டார். அதற்கு அவர் கண்ட வழி ஒன்றே: நன்கு படித்து உதவித்தொகை பெறுதல். ஆகவே வானூர்திப் பொறியியலில் அவர் புரட்டிய ஏடுகள் ஒவ்வொன்றிலும் தமக்கையின் வளையலும் இருந்தது எனலாம்.

படிப்பு முடிந்தபின் அவர் உள்ளம் வானூர்தி ஓட்டுவதையே விரும்பியது. ஆயினும் அவர் ஒரே இடத்துக்கு விண்ணப்பம் விடுத்து அமைந்திருக்கவில்லை. விமானப் படைக்கும், பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் ஒருங்கே விண்ணப்பித்தார். டேராடூனில் நடந்த விமானப் படைத் தேர்வுக்கு வந்தவர் 25 பேர். இருந்த இடங்கள் 8. கலாம் ஒன்பதாவதாக வந்தார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு தொலைவில் ஓர் இளைஞனின் நெடுநாள் விருப்பம் வீழ்ந்தது. அவர் ரிஷிகேசம் சென்றார். மனத்தைத் தேற்றிக்கொண்டு தில்லிக்குத் திரும்பினார். அமைச்சகப் பணியை ஏற்றார். அது 1958ஆம் ஆண்டு. இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்திய 1980ஆம் ஆண்டுவரை அவர் நடந்த பாதை அந்த இரண்டாம் விண்ணப்பத்தினின்று தொடங்கியது. குடியரசுத் தலைவராக இருந்தபொழுது, 2006ஆம் ஆண்டில், 74ஆம் அகவையில், சுகோய் போர் விமானத்தில் அவர் பறந்ததை நாளேடுகள் படத்துடன் வெளியிட்டன.

இதற்கு மாறானது கணித மேதை இராமானுசன் வரலாறு. கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியை 1904ஆம் ஆண்டில் கணக்கில் பரிசு பெற்று முடித்தவர் அவர். கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. கணக்கிலேயே தோய்ந்து மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தேறவில்லை. 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் ஆனார். மறு ஆண்டில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்பவருக்கு அவர் விடுத்த கடிதமும், 1918ஆம் ஆண்டில் இராயல் கழகத்தின் உறுப்பினர் ஆனதும் அனைவரும் அறிந்தனவே. இவ்வரலாற்றைத் துணைக்கழைத்து மற்றப் பாடங்களைப் புறக்கணிக்கும் மாணவர் சிலர் உண்டு. பள்ளி முடித்த நாளுக்கும் அந்த எழுத்தர் பணிக்கும் இடையே அவர் வறுமையில் கழித்த எட்டு ஆண்டுகள் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அவ்வாண்டுகளிலும் நாள்தோறும் நிரம்பிவந்த குறிப்பேடுகள் அவரிடம் இருந்தன என்பதும் நினைவுக்கு வருவதில்லை.

இக்காலத்துத் தனியார் பள்ளி என்றவுடன் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே கண்முன் தோன்றுவர். அது முழு உண்மை அன்று. ஆட்டோ ஓட்டுநர், தையற்காரர், மருத்துவமனைச் செவிலியர் ஆகியோரின் மக்களும் அங்கே பயில்கின்றனர். மழலையர் வகுப்பு முதல் பதினான்கு ஆண்டுகள் கட்டணம் செலுத்திய குடும்பம், படிப்பு முடியும் நாளில் இளைப்பாற இயலாது. அடுத்த கட்டணம் வாயிலில் நிற்கும். மருத்துவம் நாடுவோர் பலர், 2017 முதல் தமிழ்நாட்டிலும் கட்டாயமாகிவிட்ட நீட் தேர்வுக்காக மீண்டும் ஓராண்டைப் பயிற்சி நிலையங்களில் செலவிடுகின்றனர். கல்விக் கடன் பெறுவோர் பலர். படிப்பு முடிந்து பெரும்பாலும் ஓராண்டு சென்றபின்னரே தவணை தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வட்டியோ பணம் பெற்ற நாள் முதலே வளரத் தொடங்குகிறது என்பதைப் பலர் பின்னரே அறிகின்றனர்.

பணம் கொடுப்பவர் விருப்பமும் திட்டத்துள் புகுந்துவிடுவது இயல்பே. தந்தைக்குக் கிட்டாத மருத்துவப் படிப்பு மகளின் மேடைப் பேச்சாக வெளிவருகிறது. அவளோ கல்வெட்டு எழுத்துகளில் மனம் தோய்ந்தவளாக இருத்தல் கூடும். “அப்பா, எனக்கு வரலாறு படிக்கத்தான் விருப்பம்” என்று சொல்ல அவள் நாவெழுவதில்லை. பதினான்கு ஆண்டுக் கட்டணமும் அச்சொல்லைத் தொண்டையில் தடுக்கிறது. சொல்லாத பிள்ளையைக் குறைகூறுவோர், கேளாத பெற்றோரையும் ஒரு சொல் கேட்கலாம். இருவரும் ஒருவரையொருவர் வருத்தலாகாது என்று அஞ்சியே நான்கு ஆண்டுகளையும் சில இலக்க ரூபாயையும் இழந்த வீடுகள் பல.

வழிகளும் மேடையில் ஒலிக்கும் நான்கைந்து பெயர்களோடு முடிவன அல்ல. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கொல்கத்தாவில் 1931ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியப் புள்ளியியல் கழகம், கணக்கில் வல்ல மாணவரைத் தேர்ந்து, கற்பிப்புக் கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் அளித்து வந்துள்ளது. பல்தொழில்நுட்பப் பயிலகங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் நேரே இரண்டாம் ஆண்டில் சேர இடமுண்டு. புணேயை அடுத்த தேசியப் பாதுகாப்புக் கழகம் 2022 முதல் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. இவற்றின் பெயர்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் அரிதாகவே இடம்பெறுகின்றன. முதல் மதிப்பெண் பெற்றவரின் படத்துக்கே பலகை போதவில்லை போலும்!

மே திங்களில் தேர்வு முடிவு வெளியாகிறது. பொறியியல் கலந்தாய்வு 1997ஆம் ஆண்டில் ஒற்றைச் சாளர முறையில் தொடங்கியபின், பல்லாண்டுகள் மாவட்டங்கள்தோறும் இருந்து குடும்பங்கள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தன. இரவு முழுவதும் பேருந்தில் வந்தவர்கள், திரையில் ஓடும் இடங்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் கல்லூரியைத் தேர்ந்தனர். 2018 முதல் அக்கலந்தாய்வு இணையவழி நடைபெறுகிறது. இப்பொழுது வீட்டிலிருந்தே கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் நிரப்பி அனுப்பலாம். எத்தனை வேண்டுமாயினும் நிரப்பலாம், வரிசைதான் முதன்மை. பிரிவுபசார மேடையில் ஒரு தொடரில் முடிந்த விடை, இங்கே நூறு வரிகளாக விரிகிறது. தந்தை மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு அருகில் அமர்கிறார். தாய் விடுதிக் கட்டணத்தைத் தாளில் கூட்டிப் பார்க்கிறார். முதல் வரியில் எதனை எழுதுவது என்று மகன் இருவரையும் நோக்குகிறான்.