புது மேஜைக்கு வயதேற்றுவது

புதிதாகச் செய்த மேஜையைப் பழையதாக்கித் தரச் சொன்னால், தாராவியில் பட்டறை வைத்திருக்கும் தமிழ்த் தச்சர் முதலில் சிரிக்கத்தான் செய்வார். "அக்கா, இழைச்சு மினுக்கிக் கொடுக்கக் கூலி வாங்கியிருக்கேன். இழைச்சதைக் கெடுத்துக் கொடுக்கறதுக்கும் கூலியா?" செம்பூரிலிருந்து வந்தவர் விடமாட்டார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார். வெள்ளைப் பெயின்ட் அங்கங்கே உரிந்து, அடியில் பழுப்பு மரம் எட்டிப் பார்க்கும் சிறிய மேஜை. "இதே மாதிரி வேணும், அண்ணே." தச்சர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். "எங்க ஊர்ல இதை அடுப்புக்குப் போட்டிருவாங்க" என்பார். அப்புறம் விலை பேசுவார்.

இந்த மோகத்துக்கு வயது அதிகமில்லை. ரேச்சல் ஆஷ்வெல் 1989இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 'ஷாபி ஷிக்' என்ற கடையைத் திறந்தார். பழைய சந்தைகளில் கிடைத்த சாமான்களை அவற்றின் உரிந்த பெயின்ட்டோடு அழகென்று விற்றார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் தன் 'சாக் பெயின்ட்'டைக் கொண்டுவந்தார். மரத்தைத் தேய்க்காமல், பிரைமர் அடிக்காமல் நேராகப் பூசலாம். காய்ந்ததும் சுண்ணாம்புச் சுவர் போல மங்கி நிற்கும். லேசாகத் தேய்த்தாலே உரியும். வீட்டில் இருப்பவர்கள் கையில் இந்த வேலை வந்து சேர்ந்ததற்கு அந்தப் பெயின்ட் ஒரு முக்கியக் காரணம்.

மும்பையில் உண்மையான பழைய மரத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. சோர் பஜாரின் மட்டன் தெரு இருக்கிறது. கப்பல் உடைக்கும் தாருகானா இருக்கிறது. இடிபடும் ஒவ்வொரு 'சால்' குடியிருப்பிலிருந்தும் தேக்கு உத்தரங்களும் கதவுகளும் லாரி ஏறுகின்றன. ஜோகேஸ்வரியின் ஓஷிவாரா மரச்சாமான் சந்தையில் நிஜப் பழசும் நேற்றுச் செய்த பழசும் ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது எது என்று கேட்டால் கடைக்காரர் தேநீர் சொல்லுவார்.

இந்த வேலையில் கை பழகியவர்கள் உப்புத்தாளைத் தொடும் முன்பு எங்காவது போய் ஒரு நாற்காலியைப் பார்த்துவிட்டு வருவார்கள். மாதுங்கா, பைகுல்லா, தோபி தலாவ் என்று மிச்சமிருக்கும் இரானி ஹோட்டல்களின் வளைமர நாற்காலி இதற்கு நல்ல வாத்தியார். அது தோனெட் நிறுவனம் 1859இல் சந்தைக்குக் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியின் வம்சம். பீச் மரத்தை நீராவியில் இளக்கி வளைத்துச் செய்த ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான் மொத்த நாற்காலியும்.

ஒரு பன் மஸ்காவும் சாயும் சொல்லிவிட்டு அதைக் கவனிக்கலாம். கால்களை இணைக்கும் அடிவளையத்தில், முன்பக்கம் மட்டும், செருப்புக் குதி பட்டுப் பட்டு மெருகு முழுதாகப் போய் மரம் வெளுத்திருக்கும். அதே வளையத்தின் பின்பாதியில் பழைய மெருகு அப்படியே இருக்கும். முதுகுச்சாய்வின் உச்சியில் கதை வேறு. அங்கே கை படுகிறது. கையின் வியர்வையும் வெண்ணெயும் ஏறி மரம் கறுத்து, வழவழப்பாகியிருக்கும். உட்காரும் இடத்தின் முன்விளிம்பு மழுங்கியிருக்கும். தரையைத் துடைக்கும் ஈரத் துணி பட்டுப் பட்டு, கால்களின் அடியில் ஓரங்குல உயரத்துக்குக் கருங்கறை. முதுகின் இரண்டு வளையங்களும் சேரும் இடுக்கில் மட்டும் யாருடைய கையும் போகாது. அங்கே தூசிக்கு அடியில் முதல்நாள் பாலிஷ் உட்கார்ந்திருக்கும்.

காலால் தேய்ந்தது வெளுக்கும், கையால் தேய்ந்தது கறுக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டவர் செய்யும் மேஜைக்கும் தெரியாதவர் செய்யும் மேஜைக்கும் அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வித்தியாசம் தெரியும். தெரியாதவர் நான்கு மூலைகளையும் ஒரே அளவில் தேய்த்து வைப்பார். நான்கு மூலையும் ஒன்றுபோலத் தேய்ந்த மேஜை எந்த வீட்டிலும் இருந்ததில்லை. சுவரை ஒட்டி நிற்கும் இரண்டு மூலைகளை யார் இடிக்கப் போகிறார்கள்?

ஆகவே வேலையின் முதல் பாதி யோசனைதான். இந்த மேஜை எங்கே நின்றது, கதவு எந்தப் பக்கம், அதில் உட்கார்ந்து எழுதியவர் வலக்கையா இடக்கையா, டிராயரை இழுக்கக் குமிழைப் பிடித்தார்களா அல்லது விளிம்பில் விரல் விட்டு இழுத்தார்களா? ஒரு ஆளை மனதில் உட்கார வைத்துவிட்டால், எங்கே தேய்ப்பது என்று கை தானே போகும்.

மிச்சப் பாதிக்கு ஒரு மெழுகுவத்தி போதும். முதலில் அடர்பழுப்புச் சாயமோ பெயின்ட்டோ ஒரு பூச்சு. அது நன்றாகக் காய்ந்ததும், தேய வேண்டிய இடங்களில் மட்டும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்க்க வேண்டும். அதன்மேல் வெள்ளையோ வெளிர்நீலமோ இரண்டாம் பூச்சு. மெழுகு இருக்கும் இடத்தில் மேல்பெயின்ட் பிடிக்காது. காய்ந்தபின் 120ஆம் எண் உப்புத்தாளை மர ரேகையின் போக்கிலேயே இழுத்தால், மெழுகிட்ட இடத்தில் பெயின்ட் தோலாகக் கழன்று வரும். அதன் ஓரங்களை 220ஆம் எண்ணால் தணித்துவிட வேண்டும். தணிக்காமல் விட்டால் உரிந்த இடம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்; பார்த்தவுடனே காட்டிக்கொடுக்கும்.

பைன் மரமாக இருந்தால் கம்பி பிரஷ் இன்னொரு உதவி செய்யும். பைனின் ஆண்டு வளையத்தில் வேகமாக வளர்ந்த பகுதி மெத்தென்றும் மெல்ல வளர்ந்த பகுதி கெட்டியாகவும் இருக்கும். ரேகையோடு பிரஷை இழுக்க இழுக்க மெத்தென்ற பகுதி உதிர்ந்து, கெட்டிக் கோடுகள் மேலெழும். விரல் வைத்தால் நரம்பு நரம்பாகத் தட்டும். தேக்கு அவ்வளவு சுலபத்தில் இடம் கொடுக்காது.

பைன் மும்பையில் மலிவு. நவசேவா துறைமுகத்தில் இறங்கும் இயந்திரப் பெட்டிகளும் பேலட்டுகளும் பிரிக்கப்பட்டுப் பலகைகளாக ஊருக்குள் வருகின்றன. வாங்கும் முன் பலகையில் சூடு போட்ட முத்திரையைத் தேட வேண்டும். 'எச்.டி.' என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். பூச்சி செத்திருக்கும், மரத்தில் மருந்து இருக்காது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைப் படுக்கையறைக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. மும்பை ஃபிளாட்டுகளில் மரம் என்று நிற்பதில் பெரும்பகுதி மரமே இல்லை. பிளைவுட்டின்மேல் ஒட்டிய சன்மைக்காவைத் தேய்த்தால் அடியில் பழுப்புக் காகிதம்தான் வரும். வெனீர் என்றால் மேலே ஒட்டியிருக்கும் மரத்தோல் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நாலு இழுப்பில் பசை தெரியும். எம்.டி.எஃப். பலகை பஞ்சாக நூல் பிரியும். இவற்றின்மேல் பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட் அடித்து, மேல்பூச்சை மட்டும் உரிக்கலாம். அதற்குமேல் ஆசைப்படக் கூடாது.

இனி நிறம். பெயின்ட்டே இல்லாமல், வெயில் மழையில் கிடந்த மரத்தின் சாம்பல் நிறம் வேண்டும் என்பவர்கள்தான் இப்போது அதிகம். இயற்கையில் அது நடக்கும் விதம் எளிது. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்திலுள்ள லிக்னினை உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, வெளுத்த நார் மிஞ்சுகிறது. கிரில் போட்ட பால்கனியில் அதற்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ரசாயனத்தைக் கூப்பிடுகிறார்கள். அந்த ரசாயனம் தாராவித் தமிழர்களுக்குப் புதிதல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். நாட்டுப் பதத்துக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் மூலம். இரண்டிலும் டானின் என்னும் துவர்ப்புச் சத்து. பதனிட்ட ஈரத்தோலில் ஒரு இரும்பு ஆணி பட்டால் போதும், கறுப்புக் கறை விழும்; பிறகு என்ன செய்தாலும் லேசில் போகாது. தோல்காரர்கள் பயந்து ஒதுக்கிய அதே கறையைத்தான் இவர்கள் மரத்தின்மேல் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். காளஹஸ்தி கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இதே வழிதான்: கடுக்காயில் தோய்த்த துணி, அதன்மேல் வெல்லத்தில் ஊறிய இரும்பின் நீர்.

வீட்டில் செய்வது இப்படி. கண்ணாடிப் பாட்டிலில் வெள்ளை வினிகரை ஊற்றி, நைஸான இரும்புக் கம்பளியைப் பிய்த்துப் போட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் சுருளைப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அது துருவே பிடிக்காத எஃகு, எப்படிக் கரையும்? மூடியை இறுக்கக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் வாயு கிளம்பிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் நீர் பழுப்போடி, கம்பளி பெரும்பாலும் கரைந்திருக்கும். வடிகட்டிக்கொள்ளலாம். பைனில் டானின் குறைவு. அதனால் முதலில் கடுந்தேநீரோ கடுக்காய்ப் பொடி ஊறிய நீரோ பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல் இரும்பு நீரைப் பிரஷால் இழுத்தால், இழுத்த கோட்டுக்குப் பின்னாலேயே நிறம் ஓடிவரும். தேநீர் என்றால் சாம்பலில் நிற்கும். கடுக்காய் என்றால் கறுப்பு வரைக்கும் போகும். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் வேறு நிறமுமாக இருக்கும். முதலில் துண்டுப் பலகையில் போட்டுப் பார்க்காமல் மேஜையில் கை வைப்பது சூதாட்டம்.

வெடிப்பு விழுந்த பெயின்ட் வேண்டுமென்றால் மும்பைச் சரக்கே உதவும். 1959இல் இங்கே பிறந்த ஃபெவிகாலைத் தாராளமாகப் பூசி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே தண்ணீரில் கரையும் பெயின்ட்டை ஒரே இழுப்பில் அடிக்க வேண்டும். காயும்போது பெயின்ட், கோடைக்கால ஏரித்தரை மாதிரி, வெடித்துக் கொடுக்கும். ஒரே இடத்தில் இரண்டு முறை பிரஷ் போனால் வெடிப்பு வராது, குழம்புதான் வரும்.

பூச்சித் துளைகள் விஷயத்தில் கொஞ்சம் அடக்கம் தேவை. ஆணியை வைத்து வரிசையாகக் குத்தித் தள்ளுகிறவர்கள் ஒரு கொடூரத்தைச் செய்கிறார்கள். நிஜ உளுவண்டு மரத்தின் வெளிப்புற வெள்ளைப்பகுதியை விரும்பும்; துளைகள் அங்கே கூட்டமாகவும் உள்வைரத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். இன்னொன்று: வாங்கிய பழைய மரத்தில் துளைக்குக் கீழே புது மாவு கொட்டிக்கிடந்தால், அது அலங்காரமல்ல. உள்ளே ஆள் குடியிருக்கிறது.

சினிமாக் கலை இயக்குநர்கள் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள். மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்துக்காக தோட்டா தரணி தாராவியின் சந்துகளைச் சென்னையில் அரங்கமாக எழுப்பினார். அந்த வேலைக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அரங்கத்தின் பழமையைப் பார்ப்பது கேமரா. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பலகை பழையதாகத் தெரிய வேண்டும், படம் முடியும்வரை தாங்க வேண்டும், அவ்வளவே. வீட்டு மேஜையைத் தடவிப் பார்ப்பார்கள். அதன்மேல் ஃபில்டர் காபி டபரா வைப்பார்கள். அதனால்தான் பெயின்ட்டில் வரைந்த பழமை அரங்கத்தில் ஜெயித்தாலும் வீட்டில் தோற்கிறது.

சின்ன ஃபிளாட்டில் இந்த வேலை செய்கிறவர்கள் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பெயின்ட் அடித்த பழைய கதவையோ தொட்டிலையோ உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். இரண்டாவது, மெருகுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணி. சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்க வேண்டும், இல்லையென்றால் கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும்.

மழைக்காலத்தில் வேலையைத் தொடங்காமல் இருப்பதும் ஒரு கெட்டிக்காரத்தனம். ஜூன் முதல் செப்டம்பருக்குள் மும்பையில் 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அந்த ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் பால் கலந்ததுபோல் வெளுத்துப்போகும். அரக்கு மெருகும் அப்படியே. மரமும் உப்பி டிராயர் சிக்கும். பாலிஷ்காரர்கள் அக்டோபர் வெயிலுக்காகக் காத்திருப்பது இதனால்தான். ஆணிகளுக்கு மட்டும் ஆவணி மாதம் நல்லது: வெளியே வைத்தால் கடல்காற்றும் மழையும் சேர்ந்து, காசில்லாமல் துருவேற்றிக் கொடுத்துவிடும்.

இந்த வேலையைக் கேட்டு வருகிறவர்களில் பலர், தாத்தா பாட்டியின் தேக்குப் பெட்டியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டு சன்மைக்கா வாங்கிய வீடுகளின் பேரப்பிள்ளைகள். கேலி செய்ய ஒன்றுமில்லை. ஒரே அறையில் ஆறு பேர் வாழ்ந்த காலத்தில் பளபளப்புதான் முன்னேற்றம். தாராவியில் இன்றும் புது ஷோகேஸ் கண்ணாடியாக மின்ன வேண்டும். அறைகள் கூடிய பிறகுதான் உரிந்த பெயின்ட்டை ரசிக்க இடம் கிடைக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குச் சாமான்கள் விற்கும் கடைகளுக்கு இங்கிருந்தும் ஆள் போகிறார்கள்.

அப்படி நிஜப் பழசையே தேடிப்போகிறவர்களுக்கு, இந்த வேலையைச் செய்து பார்த்ததில் ஒரு லாபம் உண்டு: ஏமாற்றுவேலை எங்கே சோம்பல்பட்டிருக்கும் என்று தெரியும். மேல்பலகையைப் பார்க்க வேண்டாம், அங்கேதான் முழுத் திறமையும் செலவாகியிருக்கும். டிராயரை உருவித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அடிப்பலகையில் வட்ட ரம்பத்தின் வளைந்த பல்தடமும் ஒரே சீரான சாயமும் இருந்தால் சந்தேகம் வரலாம். கூட்டல் குறித் தலையுள்ள திருகாணி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஹென்றி பிலிப்ஸ் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றது 1936இல். "பிரிட்டிஷ் காலத்துச் சாமான் சார், 1890" என்று சொல்லும் கடைக்காரரிடம் அந்தத் திருகாணியைத் தொட்டுக் காட்டிவிட்டு, பாதி விலையிலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.