நுவரெலியாவுக்கு ஏசி எதற்கு?

சகோதரிகளே! ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியா சென்று, வேனிலேயே தங்க எண்ணுகிறீர்களா? கையடக்க ஏசிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ஹட்டன் தேயிலைச் சரிவுகளில் ஏறும்போதே வேனின் ஏசியை நிறுத்தச் சொல்வீர்கள். நுவரெலியாவின் உயரம் சுமார் 1,868 மீட்டர். வெயில் தாளாத வெள்ளைக்காரர் தேடிப்போன ஊரல்லவா! ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே படியும்.

அஞ்ச வேண்டியது வேறு. இரவுக் குளிருக்குக் கண்ணாடிகளை அடைத்து, ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்குகிறார்கள் சிலர். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் விழிக்காமலே உயிர் போய்விடும். எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆளுக்கொரு கம்பளி, ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி போதும். கரியடுப்பையும் வேனுக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வருவதும் அதே நச்சுதான்.