அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா

வீட்ல அப்பாகிட்ட நேரடியா பேசாத ஆளா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான். ஃபீஸ் கட்டணுமா, டூர் போகணுமா, எதுவா இருந்தாலும் நான் அம்மாகிட்ட சொல்வேன். அப்பா சாப்பிட்டு முடிச்ச நேரம் பார்த்து அம்மா அவர்கிட்ட சொல்வாங்க. எங்களுக்குள்ள சண்டையெல்லாம் இல்லை. சின்ன வயசுலேர்ந்தே அப்படிப் பழகிடுச்சு.

போன மாசம் ஒரு செமினாருக்காக, சத்தம் எங்கிருந்து வருதுன்னு மூளை எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு படிச்சிட்டு இருந்தேன். அங்கதான் வென்ட்ரிலோக்விசம் வந்துச்சு. மடியில பொம்மையை வச்சுக்கிட்டு, உதடு அசையாம அதுக்குக் குரல் கொடுக்கிற கலை. குரலை யாரும் தூக்கி எறியறதில்லை. பொம்மையோட வாய் அசையறதைக் கண்ணு பார்க்குது, காது அதை நம்பிடுது. அவ்வளவுதான் டெக்னிக்.

1896-ல் லண்டன் மேடையில ஃப்ரெட் ரஸ்ஸல் ஒரே ஒரு பொம்மையோட வந்து பேர் வாங்கினார். அமெரிக்காவில் கிரேட் லெஸ்டர், தான் தண்ணி குடிக்கும்போதே பொம்மையைப் பேச வச்சார். அவர்கிட்ட கத்துக்கிட்ட சிகாகோ பையன்தான் எட்கர் பெர்கன். கூச்ச சுபாவம் உள்ள மனுஷன். ஆனா அவரோட பொம்மை சார்லி மெக்கார்த்தி வாயைத் திறந்தா யாரையும் விடாது.

1937-லேர்ந்து இவங்க ரெண்டு பேரும் எங்க ஹிட் ஆனாங்க தெரியுமா? ரேடியோவில்! உதடு அசையுதான்னு பார்க்கவே முடியாத இடத்துல. உண்மையில பெர்கனோட உதடு அசையும்; அதைச் சொல்லி சார்லியே அவரைக் கலாய்க்கும். 1938-ல் பெர்கனுக்கு மரத்துலயே செஞ்ச ஆஸ்கர் கொடுத்தாங்க. அவர் படிப்பை முடிக்காம விட்ட நார்த்வெஸ்டர்ன் யூனிவர்சிட்டி, அந்தப் பொம்மைக்கு கௌரவப் பட்டமே கொடுத்துச்சு. நாம இங்க நாலு வருஷமா என்ன பாடு படறோம்!

சரி, நாமளும் ட்ரை பண்ணுவோம்னு ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி நின்னேன். ப, ம ரெண்டுக்கும் உதடு சேரணும். அதனால ப-வுக்குப் பதிலா த, ம-வுக்குப் பதிலா ன சொல்லி ஏமாத்தணும். வேகமாப் பேசினா காது கண்டுக்காது. ‘அம்மா’ன்னு சொல்லிப் பார்த்தேன், ‘அன்னா’ன்னு வந்துச்சு. ‘அப்பா’, ‘அத்தா’ ஆயிடுச்சு. ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிச்சான். “எங்க வீட்ல அப்பாவை அப்படித்தான்டா கூப்பிடுவோம்”னான்.

அந்த வாரம்தான் ரிசல்ட் வந்துச்சு. ஒரு அரியர். அரியர் இருந்தா ஆஃபர் கிடையாதுங்கிறது கம்பெனி கண்டிஷன். போச்சு. வழக்கம்போல அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, “அவர் திருப்பி ஏதாவது கேட்டா நான் என்னத்தைடா பதில் சொல்றது? இதை நீயே பேசு”ன்னு வச்சிட்டாங்க.

பெர்கன் ஞாபகம் வந்தார். தனக்குச் சொல்ல வராததையெல்லாம் பொம்மையைச் சொல்ல வச்சவர். எங்க வீட்ல அம்மாவை அப்படித்தான் வச்சிருந்தேன் போல. அம்மாவுக்கும் சொந்தமா ஏதாவது சொல்ல இருக்கும்னு நான் யோசிச்சதே இல்லை.

அரை மணி நேரம் மொட்டை மாடியில நடந்தேன். அப்புறம் அப்பா நம்பரைப் போட்டேன். “அப்பா”ன்னு சொல்லிட்டு, அடுத்த வார்த்தை வரல. அவரும் பேசல. கடைசியா கடகடன்னு எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன்.

“ரீவேல்யுவேஷன் போட்டியா?”

“இல்லப்பா.”

“எவ்வளவு கட்டணும்?”

சொன்னேன். “சரி, நாளைக்கு அனுப்பறேன். சாப்பிட்டியா?”ன்னு கேட்டார்.

எனக்குத் தெரிஞ்சு, அந்தக் கேள்வியை அவர் என்கிட்ட நேரடியா கேட்டது அதான் முதல் தடவை. இதுவரைக்கும் அதையும் அம்மாதான் கேட்டுட்டு இருந்தாங்க.

ரீவேல்யுவேஷன் ரிசல்ட் இன்னும் வரல. வந்ததும் முதல் போன் யாருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். உங்க வீட்ல எப்படி?