மாத்திரையை நிறுத்திய தம்பிக்கு

அலிப்பூர்,
கொல்கத்தா – 27

அன்புத் தம்பி சங்கரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அத்தானும் நலம். துர்கா பூஜை அமளி ஓய்ந்து லேசாகக் குளிர ஆரம்பித்திருக்கிறது. நமக்கு இது குளிரே இல்லை. வங்காளிகளோ அதற்குள் குரங்குக் குல்லாவோடு காலை நடைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

உன் பெண்டாட்டி கோமதி போன் செய்தாள். பிரஷர் மாத்திரையை நீயே நிறுத்திவிட்டாயாமே? 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்த பெண்ணிடம், "எனக்கு வேண்டாம், இல்லாதவங்களுக்குக் கொடும்மா" என்று தர்மப் பிரபு மாதிரி சொல்லி அனுப்பினாயாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் தொடங்கிய திட்டம், இன்று ஐ.நா. விருது வரைக்கும் போயிருக்கிறது. இங்கே என் தெருவில் அப்படி யாரும் வருவதில்லை. நான்தான் கடைக்கு நடக்க வேண்டும். உனக்குக் கொழுப்பு, வேறென்ன?

நீ சொன்னதாக அவள் சொன்னது இரண்டு. வயசானால் பிரஷர் ஏறத்தான் செய்யும், அது நோயே இல்லை என்பது ஒன்று. மாத்திரையை நம்பி வாழ்வது ஒரு வாழ்க்கையா என்பது இன்னொன்று.

முதலாவதே தப்பு. 1988-ல் 32 நாடுகளில் பத்தாயிரம் பேருக்கு உப்பையும் பிரஷரையும் அளந்து பார்த்தார்கள். பிரேசில் காட்டில் யானோமாமி என்று ஒரு பழங்குடி. அவர்கள் சமையலில் உப்பே கிடையாது. அங்கே வயது ஏறினாலும் பிரஷர் ஏறவில்லை, சராசரி நூறைக்கூடத் தொடவில்லை. ஆக, ஏற்றி விடுவது வயசு மட்டும் இல்லை. ஆனால் கருவாடும் அப்பளமும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக அறுபது வருஷம் தின்று வளர்ந்த நாம் இனி யானோமாமி ஆக முடியுமா? உப்பைக் குறை, நட, எடையைக் குறை. டாக்டர் பார்த்து மாத்திரையின் அளவைக் குறைத்தாலும் குறைப்பார். அதுவரைக்கும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

"நிறுத்தி இவ்வளவு நாளாச்சு, ஒண்ணும் செய்யலையே" என்றாயாம். அப்பாவும் இதையேதான் சொன்னார். அட்டை தீர்ந்தால் நோயும் தீர்ந்தது என்று வயக்காட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் ஒருநாள் வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்து, கடைசி வரைக்கும் அம்மா ஊட்டிவிட்டுத்தானே சாப்பிட்டார்? கட்டிலைப் பிடித்துத் தூக்கியவன் நீ. உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

இத்தனை வயசுக்கு மேல் என்னத்துக்கு என்று கேட்பாய். எண்பது தாண்டியவர்களிடமே சோதித்திருக்கிறார்கள். 2008-ல் வெளிவந்த அந்த ஆய்வில், பிரஷர் மாத்திரை சாப்பிட்ட கிழவர் கிழவிகளுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைவு, சாவு இருபத்தொரு சதவீதம் குறைவு. பலன் அப்பட்டமாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள். நீ அவர்களுக்குப் பிள்ளை வயசு.

இங்கிலீஷ் மருந்து என்றால் விஷம் என்ற பேச்சும் உன்னிடம் உண்டு. கேட்டுக்கொள். பிரஷருக்கு நல்ல மருந்தே இல்லாத காலத்தில், 1931-ல், இந்தக் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பை இறக்குகிறது என்று எழுதினார்கள். இங்குள்ள டிராபிக்கல் மெடிசின் பள்ளியில் சோப்ரா என்பவரின் குழுவும் அதை ஆராய்ந்தது. 1949-ல் வக்கீல் என்ற பம்பாய் டாக்டர் லண்டன் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்தான். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். மனச்சோர்வு தருகிறது என்று பிறகு அது ஒதுங்கிப்போனது, வேறு மாத்திரைகள் வந்தன. ஆனால் தொடக்கம் நம் ஊர் வேர்தான், ஐயா.

போன தடவை வந்தபோது மிருகக்காட்சிசாலை வாசலில் கேட்டாயே, "இங்க இருந்த ஆமை இருநூறு வருஷம் மாத்திரை தின்னா வாழ்ந்துச்சு?" என்று. அத்வைதா என்ற அந்த ஆமையும் 2006-ல் கல்லீரல் கெட்டுத்தான் செத்தது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

இதற்காக, கொடுப்பதையெல்லாம் வாயில் போடு என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் கேஸ், அம்பல் (நெஞ்செரிச்சல்தான்) என்று சொல்லாத வங்காளி கிடையாது. பக்கத்து வீட்டு போஸ்பாபு வயிற்றுக்கான மாத்திரையை வெறும் வயிற்றில் பிரசாதம் மாதிரி முழுங்குகிறார், எதற்கு, எது வரைக்கும் என்று அவருக்கே தெரியாது. அத்தான் கதை அதைவிட மோசம். பிரஷருக்கு அம்லோடிபின் கொடுத்தார்கள், கணுக்கால் வீங்கியது. அது அந்த மருந்தின் குணம் என்று பார்க்காமல் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நீர் மாத்திரையால் ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம், அங்கே தலைசுற்றி விழுந்து நெற்றியில் தையல். தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை எழுத இருந்தார்கள். நல்ல காலம், வேறு ஒரு வயதான டாக்டரிடம் போனோம். எல்லா அட்டையையும் மேஜையில் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தவர், பிரஷர் மாத்திரையை மாற்றி, நீர் மாத்திரையை எடுத்துவிட்டார். வீக்கம் வடிந்தது. ஆனால் பிரஷருக்கான மாத்திரை இல்லாமல் அவர் அனுப்பவில்லை, கவனி.

நீயும் அதைத்தான் செய்ய வேண்டும். வீட்டில் இருக்கிற அட்டை, சூரணம், தைலம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோ. இது எதற்கு, எத்தனை நாளைக்கு, இதில் எதை நிறுத்தலாம் என்று வாயைத் திறந்து கேள். அவர் முகம் சுளித்தால் வேறு டாக்டர். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுகிறாயே, அதை முதலில் காட்டு. அந்த வலி மாத்திரையே பிரஷரை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். நிறுத்த வேண்டியதைத் தின்கிறாய், தின்ன வேண்டியதை நிறுத்தியிருக்கிறாய்.

கோமதியிடம் சொல், இந்தத் தடவை பார்சலில் ஊறுகாய் வேண்டாம், சுக்கும் திருநெல்வேலி அல்வாவும் போதும் என்று. அல்வா எனக்கு; அத்தானுக்குச் சுகர் எல்லையில் நிற்கிறது. தை மாசம் உன் பேத்தி காதுகுத்துக்கு வருகிறோம். அதற்குள் பிரஷர் பார்த்து நம்பரைத் தாளில் எழுதி அனுப்பு. போனில் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிற வேலை என்னிடம் வேண்டாம்.

உன் அக்கா,
மீனாட்சி